ஐசொலேஷன்: கிருமியைத் தனிமைப்படுத்துறதா, பிரிச்செடுக்கிறதா?

எங்க நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தப்ப மூக்குல ரத்தம் ஒழுகுச்சு, ஈறு வெளுத்துப் போச்சு, காதுமடலைப் புரட்டுனா உள்பக்கம் மிளகு ஒட்டுன மாதிரி உண்ணிங்க. அப்ப தேடித்தேடிப் படிச்சதுல ஒரு தமிழ்க் கட்டுரையில "நாயில் எர்லிச்சியா பாக்டீரியா தனிமைப்படுத்தப்பட்டது"ன்னு ஒரு வரி இருந்துச்சு. அதை அம்மா படிச்சுட்டு, அப்ப நாயைத் தனி ரூம்ல கட்டணுமான்னு கேட்டாங்க. கொரோனாவுக்கு அப்புறம் அந்தச் சொல்லுக்கு நம்ம காதுல ஒரே அர்த்தம்தானே. ஆனா உண்ணிக் காய்ச்சலைத் தர்ற இந்த எர்லிச்சியா கிருமி தொட்டாலோ மூச்சு பட்டாலோ பரவுறதில்ல, உண்ணி கடிக்கணும். அதனால நாயைக் கட்டிப்போடுறதை விட உண்ணியை ஒழிக்கிறதுதான் முக்கியம்.

அந்த வரியில 'தனிமைப்படுத்தப்பட்டது'ன்னு வந்தது இங்கிலீஷ் ஐசொலேஷனோட மொழிபெயர்ப்பு. ஐசொலேஷனோட வேர் லத்தீன் 'இன்சுலா', தீவுன்னு அர்த்தம். கணையத்துல தீவு தீவா இருக்கிற செல்லுங்கள்ல இருந்து வர்ற இன்சுலினுக்கும் இதே வேர்தான். இத்தாலியன், பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து, ஆஸ்பத்திரியில நோயாளியை ஒதுக்கி வைக்கிறதுக்கு ஒரு அர்த்தம், லேப்ல பலதும் கலந்து கிடக்கிற சாம்பிள்ல இருந்து ஒரு கிருமியை மட்டும் வெளிய எடுத்து வளர்க்கிறதுக்கு இன்னொரு அர்த்தம்னு ரெண்டாப் பிரிஞ்சுடுச்சு. முதல்ல சொன்னதுக்குத் தனிமைப்படுத்தல் சரி. லேப் வேலைக்குப் பிரித்தெடுத்தல்தான் பொருந்தும், ஏன்னா அதுல 'எடுத்தல்' இருக்கு, நடக்கிற வேலையும் அதுதான்.

எர்லிச்சியா கேனிஸ் விஷயத்துல அந்த எடுக்கிற வேலை ரொம்பக் கஷ்டம். இது வெள்ளணுவுக்குள்ள, அதுலயும் மோனோசைட்டுக்குள்ள குடியிருக்கிற கிருமி, லேப்ல கிருமி வளர்க்கிற வெறும் அகர் கூழ் தட்டுல தடவி வெச்சா வளரவே வளராது. 1935ல அல்ஜீரியாவுல தொனாசியான், லெஸ்தொகார்னு ரெண்டு பேர் உண்ணி மொய்ச்ச நாய்ங்களோட ரத்தத்துல இதைப் பார்த்து ரிக்கெட்சியா கேனிஸ்னு பேர் வெச்சாங்க. நம்ம பக்கமும் சும்மா இல்ல, 1944லயே முதலியார்னு ஒரு ஆராய்ச்சியாளர் தென்னிந்திய நாய்கள்ல இந்த நோயைப் பதிவு பண்ணிட்டார். 1945ல ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் நினைவா இப்ப இருக்கிற பேர் வந்துச்சு. அப்புறம் வியட்நாம் போர்ல அமெரிக்க ராணுவ நாய்ங்க ரத்தம் கசிஞ்சு கசிஞ்சு செத்துச்சு, அந்த அடியிலதான் ஆராய்ச்சி வேகமாச்சு, 1971ல நியிண்டோவும் கூட வேலை பார்த்தவங்களும் நாயோட மோனோசைட்டுகளை லேப்ல வாழ வெச்சு அதுக்குள்ள கிருமியை வளர்த்துக் காட்டினாங்க. கண்ணால பார்த்ததுக்கும் உடம்புக்கு வெளிய வளர்த்ததுக்கும் நடுவுல 36 வருஷம்!

கிளினிக்ல நடக்கிறது பிரித்தெடுத்தல் இல்ல, இனங்காணல். காது நுனியில குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில இழுத்து ஜீம்சா சாயம் போட்டா, அதிர்ஷ்டம் இருந்தா வெள்ளணுவுக்குள்ள ஊதா நிறத்துல ஒரு குட்டிக் கொத்து தெரியும். அதுக்குப் பேர் மொருலா, லத்தீன்ல குட்டி மல்பெரிப் பழம். தமிழ்ல மல்பெரிக்கு முசுக்கட்டைன்னு அழகான பேரே இருக்கு, 'முசுக்கட்டைக் கொத்து'ன்னு சொன்னா உருவமே கண்ணுல நிக்கும். ஆனா பல நேரம் இது கண்ணுல படாது, அதனாலதான் ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட்டோட எண்ணிக்கை, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியைக் காட்டுற கிட், பிசிஆர்னு பார்க்கிறாங்க. ஆன்டிபாடி பாசிட்டிவ்னா எப்பவோ தொற்று வந்து போயிருக்கலாம், இப்ப கிருமி இருக்குன்னு அதை மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. பிசிஆர் கிருமியோட டிஎன்ஏவைத் தேடுது. செல் வளர்ப்புல கிருமி தலைகாட்ட வாரக்கணக்குல ஆகலாம், அதுவரைக்கும் காத்திருக்காம டாக்டர் டாக்சிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக்கை ஆரம்பிச்சுடுவார், வழக்கமா 28 நாள்.

உண்ணிங்கிற சொல்லும் சும்மா வந்ததில்ல, உண்-ங்கிற வினையில இருந்து வந்தது, உண்பது உண்ணி, ஒட்டிக்கிட்டு உண்பது ஒட்டுண்ணி. இவ்வளவு துல்லியமாப் பேர் வெச்ச மொழியில அந்தக் கட்டுரை வரியை "நாயின் ரத்தத்திலிருந்து எர்லிச்சியா பிரித்தெடுக்கப்பட்டது"ன்னு எழுதியிருந்தா அம்மாவுக்கு அந்தச் சந்தேகமே வந்திருக்காது.