முதலில் விடைத்தாள் நகலை வாங்குங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். “டீச்சர், எம் பொண்ணு இயற்பியல்ல தொண்ணூறுக்கு மேல வரும்னு சொன்னா. எண்பத்தொண்ணுதான் வந்திருக்கு. மறுகூட்டலுக்குப் போடலாமா, மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா?” இருபது வருடமாக விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்வருகிற நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: முதலில் நகலை வாங்குங்கள்.

முகாமில் உட்காரும் எங்களுக்கு யாருடைய தாளைத் திருத்துகிறோம் என்று தெரியாது. போட்டோவும் பெயரும் இருக்கும் முகப்புத்தாள் பகுதியைக் கிழித்துவிட்டுத்தான் கட்டு எங்கள் மேஜைக்கு வரும். கையில் விடைக்குறிப்பு இருக்கும். காலையில் பன்னிரண்டு, மதியம் பன்னிரண்டு என்று ஒரு நாளைக்கு 24 தாள். நாங்கள் திருத்தியதை எஸ்ஓ என்கிற கூர்ந்தாய்வு அலுவலர் சரிபார்ப்பார், சிலவற்றைச் சிஇ என்கிற முதன்மைத் தேர்வாளரும் பார்ப்பார். வேண்டியவர், வேண்டாதவர் என்று மதிப்பெண் போட இங்கே வழியே இல்லை. இதை மனதறிந்து சொல்கிறேன்.

ஆனால் பிழை வரும். ஏப்ரல் வெயிலில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், இருபதாவது தாளைப் புரட்டும்போது இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு போய்விடும். உள்ளே 3 போட்டிருப்பார்கள், முன்பக்கக் கட்டத்தில் அது ஏறியிருக்காது. 7 என்று எழுதியதை 1 என்று படித்துக் கூட்டியிருப்பார்கள். நான் பார்த்தவரை, ‘மதிப்பெண் குறைந்துவிட்டது’ என்று வந்த புகார்களில் உண்மையாக இருந்தவை பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். விடையை மதிப்பிட்டதில் தவறு நடந்தது குறைவு.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் நகலை இன்னும் மறக்க முடியவில்லை. ஐந்து மதிப்பெண் கேள்வி, வீட்ஸ்டன் சமனச்சுற்று. படத்தையும் முதல் சில வரிகளையும் எழுதிவிட்டு, மற்ற கேள்விகளை முடித்த பிறகு மீதியைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். முதல் பாதிக்கு 2 போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் முழுத் தருவிப்பும் சுத்தமாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு சிவப்பு மைக் கீறல்கூட இல்லை. மறுமதிப்பீட்டில் 3 மதிப்பெண் கிடைத்தது.

மூன்று மதிப்பெண்தானே என்று நினைக்காதீர்கள். பொறியியல் கலந்தாய்வில் கட்ஆஃப் 200-க்கு. கணிதம் அப்படியே 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இயற்பியலில் மூன்று கூடினால் கட்ஆஃபில் ஒன்றரை கூடும். கணிதத்தில் கூடினால் முழுசாக மூன்று. ஒரே கட்ஆஃபில் பலர் இருக்கும்போது முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள், அப்புறம் இயற்பியலை. எல்லாமே சமமாக இருந்தால் கடைசியில் கணினி கொடுத்த ரேண்டம் எண்தான் யார் முன்னால் என்று முடிவு செய்கிறது. அரை மதிப்பெண்ணுக்கே இடம் மாறும்.

நகல் கேட்பது யாரையும் குறைசொல்வது ஆகாது. “கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா டீச்சர்?” என்று கேட்கும் பெற்றோர்கள் இன்றும் இருக்கிறார்கள். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் விடைத்தாளைக் காட்ட மறுத்த வழக்கில் 2011 ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது: திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாணவரின் உரிமை. திருத்தியவர் யார் என்பதை மட்டும் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

பிளஸ் டூவுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் ரிசல்ட்டுக்குப் பின் நகல் கேட்டு விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் அவகாசம் தரும். தேதி போனால் போனதுதான். நகல் கைக்கு வந்ததும் அவசரப்படாமல் உட்காருங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு விடைக்கும் மதிப்பெண் விழுந்திருக்கிறதா, அது முன்பக்கக் கட்டத்துக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். கூட்டலை நீங்களே இரண்டு முறை போடுங்கள். கூட்டலில் மட்டும் தவறு என்றால் மறுகூட்டல். விடை திருத்தப்படாமல் இருந்தால் மறுமதிப்பீடு. இரண்டும் இல்லாமல், மூன்றுக்கு இரண்டரை போட்டிருக்கலாமே என்ற ஆதங்கம் மட்டும் இருந்தால், பாட ஆசிரியரிடம் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

கட்டணம்தான் எனக்கு உறுத்துகிறது. நகலுக்கு ஒரு பாடத்துக்கு 275 ரூபாய் என்று வாங்கிவந்திருக்கிறார்கள். கட்ஆஃப் பாடங்கள் மூன்றுக்கும் சேர்த்தால் 825. நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மாவுக்கு அது இரண்டு நாள் கூலிக்கும் மேல். வீட்ஸ்டன் கேள்வி எழுதிய அந்த மாணவிக்கு எங்கள் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து கட்டினோம். எல்லாப் பள்ளியிலும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காவது நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

அடுத்த வருடம் எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விடையைப் பாதியில் விட்டு வேறு பக்கத்தில் முடித்தால், விட்ட இடத்திலேயே ‘தொடர்ச்சி 19-ஆம் பக்கம்’ என்று எழுதுங்கள். தொடரும் பக்கத்தில் கேள்வி எண்ணை மறுபடி போடுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பெண் கலந்தாய்வு நெருங்குகிறதே என்ற பயத்தோடு தினமும் இணையதளத்தைத் திறந்து திறந்து பார்த்திருக்க வேண்டியதில்லை.