தில்லியிலிருந்து பனிமலைக்குக் காரில் போகிறீர்களா? ஸ்னோ டயர் வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

டிசம்பர் பிறந்து பள்ளிகளின் குளிர்கால விடுமுறை நெருங்கியதும், கரோல் பாக், ஆர்.கே. புரம், மயூர் விஹார் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் டயர்க் கடையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “மணாலி போறோம், ஸ்னோ டயர் போட்டுக்கணுமா?” வருடத்துக்கு ஓரிரு முறை சிம்லா, மணாலி, முசௌரி போய்வருபவர்களுக்கு எங்கள் பதில், வேண்டாம். அதற்காக இருக்கிற டயரோடு அப்படியே கிளம்பிவிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் கார்களில் வருவது வெயிலுக்குச் செய்த ரப்பர். தில்லி ஜனவரியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே இறுகிவிடுகிறதல்லவா, அந்த மாதிரி இந்த ரப்பரும் குளிர் ஏற ஏற விறைத்துக்கொண்டே போகும். சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால், பனியே இல்லாத ரோட்டிலும் பிடிமானம் குறையத் தொடங்கும். ஸ்னோ டயர் என்று சொல்லும் வின்டர் டயரின் கலவை வேறு. சிலிக்காவும் இயற்கை ரப்பரும் அதிகம் சேர்ப்பதால் மைனஸ் குளிரிலும் இளகியே இருக்கும். அதன் பட்டன்களில், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகளில், கத்தியால் கீறியதுபோல் மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் பனியைக் கவ்வும்.

தில்லியில் சிக்கலைக் கொண்டுவருவதும் இதே இளகல்தான். மே, ஜூனில் 45 டிகிரி அடிக்கும்போது தார் ரோட்டில் அந்த ரப்பர் வேகமாகத் தேயும், பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை கழற்றி மாட்ட வேண்டும், மீதி மாதங்களுக்கு நான்கு டயரையும் வெயில் படாத, சூடேறாத இடத்தில் வைக்க வேண்டும். மூன்றாம் மாடி டிடிஏ ஃபிளாட்டின் பால்கனி அதற்கான இடம் அல்ல. ஜனவரியிலேயேகூட தில்லியின் பகல் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஒரு வாரப் பயணத்துக்காக ஒரு குளிர்காலம் முழுவதும் தவறான டயரில் ஓட்டுவதில் பொருளில்லை.

கடையில் “இதுவே ஸ்னோ டயர்தான்” என்று காட்டினால் பக்கவாட்டைப் பாருங்கள். எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால், அது தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்ளும் அடையாளம், சோதனை எதுவும் தேவையில்லை. மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள் படம் இருந்தால்தான் பனியில் இழுவை சோதித்த டயர். மஹிந்திரா தார் ஜீப்புகளில் போடும் முரட்டுப் பட்டன் டயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது சேற்றுக்கு நல்லது. மெல்லிய வெட்டுகள் இல்லாவிட்டால் ஐஸில் அது வழுக்கும். 2020 ஜூனில் டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. எனவே வெளிநாட்டு வின்டர் டயர் கைக்குக் கிடைத்தால் அது பழைய சரக்காக இருக்கலாம், எப்போது செய்தது என்று கட்டாயம் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 3523 என்றால் 2023-ன் 35-வது வாரம்.

பனியில் வண்டியை நகர்த்துவதைவிட நிறுத்துவதுதான் கடினம். ரியாக்ஷன் நேரத்தை விட்டுவிட்டு, பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரத்தை மட்டும் கணக்கிட்டால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் காய்ந்த தார் ரோட்டில் சுமார் 9 மீட்டரில் நிற்கும் கார், அழுந்திய பனியில் 30 மீட்டருக்கு மேல் ஓடும், ஐஸில் 60 மீட்டரைத் தாண்டும். வேகம் 20 என்றால் ஐஸில் ஏறக்குறைய 16 மீட்டர். ஃபோர் வீல் டிரைவ் இந்தக் கணக்கில் எதையும் மாற்றாது. அது ஏற உதவும், நிறுத்த உதவாது. தைரியமாக மேலே ஏறிவிட்டு இறக்கத்தில் பள்ளத்தாக்குப் பக்கம் சறுக்குவது இதை மறப்பதால்தான். கடுங்குளிரில் இறுகிய ஐஸைவிட பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய ஐஸ் இன்னும் ஆபத்து, மேலே ஒரு படலம் தண்ணீர் நிற்கும். தேவதாரு நிழல் விழும் வளைவுகளிலும் பாலங்களின் மேலும் காலை பத்து மணி வரை கண்ணுக்குத் தெரியாத ஐஸ் இருக்கும் என்று எண்ணியே ஓட்டுங்கள்.

கிளம்பும் முன் டயரை அளந்து பாருங்கள். புது டயரின் பட்டன் ஆழம் பெரும்பாலும் 8 மி.மீ. சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். பனிக்கு அந்த எண்ணை நம்பாதீர்கள், 4 மி.மீ.க்குக் கீழே போன டயர் பனியை வாரித் தள்ளாது. ஐந்தாறு வருடமான டயருக்குப் பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கட்டிபட்டிருக்கும். மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால், ஸ்னோ டயருக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல சாதாரண டயர் நான்கு போடுங்கள்.

பனியில் போகும்போது காற்றைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சைக் கேட்காதீர்கள். அது மணலுக்கான யோசனை. பனியில் காற்று குறைந்த டயர் அகலமாகப் பரவி மேலே மிதக்கும், குழியில் ரிம்மும் அடிபடும். 20 டிகிரி தில்லியில் 33 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், குளிரால் மட்டும் மைனஸ் 5 டிகிரியில் ஏறத்தாழ 4 பிஎஸ்ஐ இழக்கும். ஆனால் 3,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் ஏறக்குறைய அதே 4 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவை நிரப்பிக்கொண்டு போங்கள், ஸ்டெப்னிக்கும் சேர்த்து.

அடுத்தது செயின், அதாவது பனியில் டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி. தில்லிக் கார்க்காரர்கள் வாங்க வேண்டியது இதைத்தான். டயரில் எழுதியிருக்கும் அளவை, உதாரணமாக 185/65 ஆர்15 என்பதை, அப்படியே சொல்லி வாங்குங்கள். ஒரு சைஸ் பெரிதானால் கழன்று சுற்றி பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் அறுக்கும். ஏணிபோல் குறுக்கே மட்டும் ஓடும் செயினைவிட வைர வடிவப் பின்னல் நல்லது, பக்கவாட்டுச் சறுக்கலையும் தாங்கும். வாங்கும் முன் கார் மேனுவலைப் படியுங்கள். பெரிய அலாய் வீல் உள்ள சில மாடல்களில் டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே இடம் போதாது, செயின் போடக் கூடாது என்றே அச்சிட்டிருப்பார்கள்.

எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். எஞ்சின் இழுக்கும் சக்கரத்தில் மாட்ட வேண்டும். ஸ்விஃப்ட், ஐ20, எர்டிகா, க்ரெட்டா போன்றவற்றில் முன் சக்கரம். இன்னோவா கிரிஸ்டா, பொலிரோவில் பின் சக்கரம். முன்னால் மட்டும் மாட்டிய வண்டியில் இறக்கத்து வளைவில் பின்பக்கம் வீசும் என்பதால் பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். தில்லியிலேயே, வீட்டுப் பார்க்கிங்கில், ஒரு முறையாவது மாட்டிப் பழகுங்கள். மைனஸ் குளிரில் இருட்டில் விரல் விறைத்த நிலையில் முதல் முறையாகக் கற்றுக்கொள்ள முடியாது. செயினோடு கையுறை, டார்ச், முழங்காலுக்கு ஒரு பழைய கால்மிதி, சின்ன மண்வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கிய பிறகு மாட்டுவது பெரும்பாடு, பனி தொடங்கும் இடத்திலேயே சமதளம் பார்த்து ஓரங்கட்டி மாட்டுங்கள். ஐம்பது நூறு மீட்டர் ஓட்டி, இறங்கி, மறுபடி இறுக்குங்கள். முதலில் இறுக்கியது கட்டாயம் தளரும். செயின் பெட்டியில் 40 அல்லது 50 கி.மீ. என்று போட்டிருந்தாலும் 30-ஐத் தாண்டாதீர்கள். வெறும் தார் தெரிய ஆரம்பித்ததும் கழற்றுங்கள், இல்லையென்றால் கண்ணி அறுந்து ஃபெண்டரைக் கிழிக்கும். வீட்டுக்கு வந்ததும் கழுவி, காயவைத்து, லேசாக எண்ணெய் தடவி எடுத்துவைத்தால் துரு ஏறாது.

மணாலியைத் தாண்டிப் போகும் வழியில் 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கம் 9 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். அதன் வடக்கு வாய் 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பனி பெய்தால் ஃபோர் வீல் டிரைவ் அல்லது செயின் மாட்டிய வண்டிகளை மட்டும் போலீஸ் மேலே விடுவதுண்டு. முழுவதும் மூடிவிடுவதும் உண்டு. அந்த நாளில் காரை மணாலியில் விட்டுவிட்டு உள்ளூர் டாக்சியில் போங்கள். குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போகும்போது இதில் தயங்கவே வேண்டாம்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கம் தில்லியில் இன்னும் இருக்கிறது. அது மலையில் உறைந்தால் எஞ்சின் பிளாக்கே வெடிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை காக்கும். ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் போட்டு இரவில் விட்டால் ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

லே, ஸ்ரீநகர், சிம்லா என்று போஸ்டிங் வாங்கிக் காரோடு போகிறவர்களுக்கு எங்கள் பதில் நேர்மாறு, தயங்காமல் வின்டர் டயர் வாங்குங்கள். நான்கும் வாங்க வேண்டும். முன்னால் மட்டும் இரண்டு போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் விலகிச் சுழலும். மேனுவல் அனுமதிக்கும் அளவுகளில் ஒடுக்கமானதைத் தேர்ந்தெடுங்கள், பனியை வெட்டி இறங்கும். தனியாக நான்கு ஸ்டீல் ரிம்மில் மாட்டிவைத்தால் ஒவ்வொரு சீசனிலும் டயரைப் பிரிக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அது வண்டி ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் கழற்றும்போதே எது முன் இடது, எது பின் வலது என்று சாக்பீஸால் எழுதிவையுங்கள். நவம்பரில் அதே பக்கத்தில் முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றிப் போடலாம்.