‘கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கட்டுங்கள்’ என்று கடிதம் வந்தால்

பொங்கல் முடிந்த வாரம், சத்துவாச்சாரி கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் காட்பாடியிலிருந்து ஒரு அம்மா மகனோடு வந்தார். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜூன் மாதக் கடைசியில், 71 வயதில், மாரடைப்பில் போய்விட்டார். கருமாதி, அதைத் தொடர்ந்து மகளின் பிரசவம் என்று வீடு அலைக்கழிந்ததில் வங்கிக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. பென்ஷன் மட்டும் மாதம் தவறாமல் அவர் கணக்கில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது, மகன் ஏ.டி.எம். கார்டில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். “எங்க வூட்டுக்காரர் பணம்தானே சார், எங்களுக்குத்தான் அனுப்புறாங்கன்னு நெனச்சுக்கினு இருந்தோம்” என்றார் அந்த அம்மா. நவம்பரில் உயிர்ச் சான்று போகவில்லை, டிசம்பரில் பென்ஷன் நின்றது, விசாரிக்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஐந்து மாதம் கொடுத்த தொகை முழுவதையும் 15 நாளில் கட்டு என்று கடிதம்.

இந்த மாதிரிக் கடிதத்தோடு வருகிறவர்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். யாரும் திருட வேண்டும் என்று நினைத்தவர்கள் இல்லை. வீட்டில் திடீரென்று ஒன்று நடக்கிறது, சாவோ வேலையோ கல்யாணமோ, வரும்படி மாறிவிடுகிறது. அது அரசுக்குத் தெரியாது. நாம் போய்ச் சொல்லும்வரை பழைய கணக்கிலேயே பணம் வரும்.

அந்த அம்மாவின் கடிதத்தில் இன்னொரு கோளாறும் இருந்தது. புரிவதற்கு வசதியாக முழு எண்ணில் சொல்கிறேன். கணவர் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் பென்ஷன் அதில் பாதி, 20,000. குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம், 12,000. இரண்டுக்கும் மேல் அகவிலை நிவாரணம் தனி. ஐந்து மாதத்துக்கு 1,00,000 ரூபாய் தவறாக வந்தது உண்மைதான், ஆனால் அதே ஐந்து மாதத்துக்கு அந்த அம்மாவுக்குச் சட்டப்படி வர வேண்டிய குடும்ப ஓய்வூதியம் 60,000 இருக்கிறதே! கணவர் இறந்த மறுநாளே அந்த உரிமை தொடங்கிவிடுகிறது. அப்படியானால் உண்மையில் திருப்ப வேண்டியது 40,000-மும் அதற்குரிய அகவிலை நிவாரணமும்தான். கடிதத்தில் கழித்துக் காட்டவே இல்லை. மகன் பயந்துபோய் வட்டிக்கு வாங்கி முழுத் தொகையையும் கட்டிவிடலாம் என்று அலைந்துகொண்டிருந்தார். ஒரு வாரம் தாமதமாக வந்திருந்தால் கட்டியிருப்பார்.

வீட்டில் பென்ஷன் வாங்குகிறவர் இறந்துவிட்டால், துக்கத்தோடு துக்கமாக இந்த வேலையையும் செய்துவிடுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. சான்று கைக்கு வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், வங்கியில் தகவல் கடிதத்தை முதலில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையில் மனைவி பெயர் ஏற்கெனவே இருந்தால் இறப்புச் சான்று, அடையாளச் சான்று, ஒரு விண்ணப்பம் ஆகியவற்றோடு பெரும்பாலும் குடும்ப ஓய்வூதிய வேலை தொடங்கிவிடும். அப்புறம் அந்த ஏ.டி.எம். கார்டு. இறந்தவர் கார்டில் பணம் எடுப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், சில நூறு ரூபாய் என்றாலும் சரி. போலீஸ் புகார்வரை போன வழக்கு எனக்குத் தெரியும்.

இதைவிடச் சத்தமில்லாமல் வரும் ஆபத்து ஒன்று உண்டு. மத்திய அரசு ஓய்வூதியர் ஓய்வு பெற்ற சில வருடங்களிலேயே இறந்துவிட்டால், மனைவிக்கு முதலில் கூடுதல் விகிதத்தில் குடும்ப ஓய்வூதியம் வரும். அது இறந்த நாளிலிருந்து 7 வருடம், அல்லது கணவர் உயிரோடு இருந்தால் 67 வயது ஆகியிருக்கும் நாள், இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரைதான். அதற்குப் பிறகு 30 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். எந்தத் தேதியில் இறங்கும் என்பது பி.பி.ஓ.விலேயே அச்சாகியிருக்கும், ஆனால் அதைப் பிரித்துப் பார்க்கிறவர் எத்தனை பேர்? கொடுக்கிற இடத்தில் தேதியைக் கவனிக்காமல் விட்டால் நான்கு ஐந்து வருடம் கூடுதலாகவே வரும், ஒரு நாள் மொத்தமாகக் கேட்பார்கள். ஜோலார்பேட்டை பக்கம் ஒரு பாட்டிக்கு அப்படித்தான் லட்சக்கணக்கில் வந்தது. பீரோவில் பி.பி.ஓ. இருந்தால் இன்றைக்கே எடுத்து அந்தத் தேதியைப் பாருங்கள். தேதி தாண்டியும் பழைய தொகையே வருகிறது என்றால், அதிகப்படியைத் தொடாமல் வைத்துவிட்டு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பென்ஷன் இல்லாத வீடுகளுக்கும் இதே சிக்கல் வேறு வழியில் வருகிறது. குடியாத்தம் பக்கத்து விவசாயி ஒருவர், பி.எம். கிசான் பணம் வாங்குகிறவர். வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. மனைவிக்கு அரசுப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது, வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், தவணையும் வந்துகொண்டே இருந்தது. கணவன் மனைவி இருவரில் ஒருவர் அரசு ஊழியர் ஆனாலும், குரூப் டி போன்ற கடைநிலைப் பணிகள் தவிர, இந்தத் திட்டத்தில் இருக்க முடியாது. கடைசி வருடத்தில் வருமான வரி கட்டியவரும் இருக்க முடியாது. இரண்டு வருடத்தில் 12,000 ரூபாய். பெரிய தொகை இல்லை, ஆனால் 2020-ல் வட மாவட்டங்களில் தகுதியில்லாதவர்களைச் சேர்த்த முறைகேடு வெடித்து, அடுத்தடுத்து வங்கிக் கணக்குகளிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்ததைப் பார்த்தவர் அவர், தன்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று ராத்திரி தூங்கவில்லையாம். திட்டத்தின் இணையதளத்திலேயே பணத்தைத் திருப்பிச் செலுத்த வழி இருக்கிறது, பயனை நாமாக விட்டுக்கொடுக்கவும் வழி இருக்கிறது. அரை மணி நேர வேலை.

ஆனால் தேவையில்லாமல் பயந்து விட்டுக்கொடுக்கிறவர்களும் உண்டு, அவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வருத்தம். “பையனுக்கு சென்னையில வேலை கெடச்சுடுச்சு, கிசான் பணத்த நிறுத்திடலாமா சார்?” என்று அணைக்கட்டிலிருந்து வந்த பெரியவர் கேட்டார். தேவையே இல்லை. அந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள். வயது வந்த மகனின் சம்பளம் அதில் சேராது. இதையே கலைஞர் மகளிர் உரிமைத் தொகையில் வைத்துப் பார்த்தால் கதை வேறு. அங்கே ரேஷன் அட்டைதான் குடும்பம். அட்டையில் இருப்பவர்களின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டு மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும், சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்கினால் தகுதி போய்விடும். குடும்ப ஓய்வூதியத்தில் இன்னொரு கணக்கு. மத்திய அரசுப் பணியாளரின் மனைவி தானே வேலைக்குப் போனாலும் அவருடைய குடும்ப ஓய்வூதியம் நிற்காது. அதே ஓய்வூதியத்தை மகன் வாங்கிக்கொண்டிருந்தால் 25 வயது, கல்யாணம், சொந்தச் சம்பாத்தியம், இதில் எது முதலில் வந்தாலும் அதோடு முடிந்தது. ‘குடும்பம்’ என்ற ஒரே சொல்லுக்கு ஒவ்வொரு திட்டத்திலும் ஒவ்வொரு அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சரி, கடிதம் வந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில், அன்றைக்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ‘மொத்தமாகப் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்’ என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள், படித்துப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. மாதவாரியாக எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்திருக்க வேண்டும் என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள். பாஸ்புத்தகத்தை வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். வந்த பணத்தையே சில மாதங்களுக்குக் கேட்காமல் விட்டதையும், வராத பணத்தைக் கேட்டதையும் இரண்டையுமே பார்த்திருக்கிறேன். தொகை சரிதான் என்றால் உங்கள் மாத வரவு, மருந்துச் செலவு எல்லாம் எழுதி, மாதம் இவ்வளவுதான் முடியும் என்று தவணை கேளுங்கள். வாயால் கேட்டால் எதுவும் நடக்காது.

தவறு முழுக்க அலுவலகத்தின் பக்கம் என்றால் சட்டம் கொஞ்சம் கை கொடுக்கிறது. பஞ்சாப் அரசுக்கும் ரபீக் மசீ என்பவருக்கும் நடந்த வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், குரூப் சி, குரூப் டி ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமும், ஐந்து வருடத்துக்கு மேலாகக் கூடுதலாகக் கொடுத்துவந்த தொகையையும் திரும்ப வசூலிக்கக் கூடாது என்றது. குடும்ப ஓய்வூதியர்களுக்காக வாதிடும்போதும் நான் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். 2022-ல் கேரள ஆசிரியர் ஒருவரின் வழக்கிலும், ஊழியர் பக்கம் பொய்த் தகவலோ மோசடியோ இல்லை என்பதைப் பார்த்துத்தான் வசூலைத் தடுத்தது. ஆனால் 2016-ல் ஜகதேவ் சிங் வழக்கில், கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று உறுதிமொழி கொடுத்திருந்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று சொல்லிவிட்டது. பென்ஷன் கணக்குத் தொடங்கும்போது வங்கியில் வாங்கிய பத்துக் கையெழுத்தில் அப்படி ஒரு தாளும் பெரும்பாலும் இருக்கும். அதனால் தீர்ப்பு இருக்கிறது, கட்டவே வேண்டாம் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள். உரிமைத் தொகை, கிசான் போன்ற திட்டங்களுக்கு அந்தத் தீர்ப்பு நேராகப் பொருந்துவதும் இல்லை.

இந்த வழக்குகள் எல்லாவற்றிலும் நீதிபதி கடைசியில் கேட்பது ஒன்றுதான். நீங்கள் மறைத்தீர்களா, சொன்னீர்களா? சொன்னோம் என்றால் எங்கே தாள்? ஜோலார்பேட்டைப் பாட்டியிடம் எதுவும் இல்லை, ஆனால் மறைப்பதற்கும் அவரிடம் ஒன்றும் இல்லை, தேதி அவர்கள் கொடுத்த ஆணையிலேயே இருந்தது. அதை வைத்துத்தான் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

காட்பாடி அம்மா விஷயத்தில் வழக்குக்கே போகவில்லை. குடும்ப ஓய்வூதியத்தைக் கழித்துக் கணக்குப் போட்டுத் தரும்படியும், மீதியை மாதத் தவணையாகப் பிடிக்கும்படியும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினோம். கணவர் இறந்த பிறகு பணம் எடுத்ததை அதில் மறைக்காமல், காரணத்தோடு எழுதச் சொன்னேன். மகன் தயங்கினார், அம்மாதான் “எழுதுடா, நடந்ததத்தானே எழுதுறோம்” என்று பேனாவை எடுத்துக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் திருத்திய கணக்கு வந்தது. இப்போது குடும்ப ஓய்வூதியம் வருகிறது, அதில் மாதாமாதம் ஒரு தொகை பிடித்தமாகிறது.

உங்களுக்கும் இப்படிக் கடிதம் வந்திருந்தால், எந்த வக்கீலிடம் போனாலும் பி.பி.ஓ., பாஸ்புத்தகம், வந்த கடிதம், அது வந்த உறை நான்கையும் கொண்டுபோங்கள். உறையில் இருக்கும் தபால் முத்திரைத் தேதியிலிருந்துதான் உங்களுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று அவர் கணக்குப் போட ஆரம்பிப்பார்.