நகல் அல்ல, இணைப்படி

'பல்தளத் தரவுத்தள நகல்களை உருவாக்குதலும் இறக்குமதி செய்தலும்.' குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்று யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்த கையேட்டில் ஒரு பாடத்தின் தலைப்பு இது. தலைப்பிலேயே இரண்டு தளம். ஒன்று சைட், இன்னொன்று டேட்டாபேஸ். உள்ளே போனால் பிளாட்பாரமும் தளம்தான். அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். ரெப்ளிகாவை நகல் என்று எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. பயிற்சி வகுப்புகளில் காது புளிக்கக் கேட்டாயிற்று.

ரெப்ளிகா இத்தாலியச் சொல். லத்தீன் வேருக்குத் 'திருப்பி மடித்தல்' என்று பொருள். ஓவியர் தன் ஓவியத்தைத் தானே மறுபடி வரைந்தால் அது ரெப்ளிகா, இன்னொருவர் பார்த்து வரைந்தால் வெறும் காப்பி என்று கலை உலகில் ஒரு கறாரான வழக்கு உண்டு. கணினிக்கு வந்தபோதும் அந்தக் கறார் போகவில்லை. ஒரே தரவுத்தளம் குன்னூரில் ஒன்று, கோத்தகிரியில் ஒன்று, கூடலூரில் ஒன்று என இருக்கும். ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்ற இடங்களுக்கும் போய்ச் சேரும். அப்படி இருப்பவற்றில் ஒவ்வொன்றும் ரெப்ளிகா. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கேபிள் அறுந்தாலும் அந்தந்த ஊரில் வேலை நடக்கும். இணைப்பு வந்ததும் விட்டுப்போனதைப் பரிமாறிக்கொள்ளும்.

நகல் அப்படியா? ரேஷன் கார்டு நகல் எடுத்த நிமிஷத்தோடு நின்றுவிடுகிறது. அப்புறம் கார்டில் பெயர் சேர்த்தாலும் நீக்கினாலும் அதற்குத் தெரியாது. 1989இல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸ் மென்பொருளிலேயே காப்பியும் ரெப்ளிகாவும் தனித்தனிக் கட்டளைகள். ரெப்ளிகா எடுத்தால் மூலத்தின் அடையாள எண்ணே அதற்கும் வரும், அதை வைத்துத்தான் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். காப்பி எடுத்தால் புது எண். அதோடு உறவு முடிந்தது. மென்பொருள் இரண்டாகப் பிரித்து வைத்ததை நம் மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறார்.

இதில் வெறும் சொல் சண்டை மட்டும் இல்லை. நகல் என்றதும் நமக்குக் கூடவே அசல் என்று ஒன்று வந்துவிடுகிறது. அசல் உசத்தி, நகல் போனால் போகட்டும். கோத்தகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வட்டில் இடம் போதவில்லை என்று ஒரு பையன் பழைய பசுந்தேயிலை எடைப் பதிவுகளை அழித்தான். "இது நகல்தானே சார், அசல் குன்னூர்ல இருக்கே" என்றான். அடுத்த பரிமாற்றத்தில் அந்த அழிப்பும் ஒரு மாற்றமாகக் குன்னூருக்குப் போய் அங்கேயும் வேலையைக் காட்டிவிட்டது. விவசாயிகளுக்குக் கொடுத்த எடைச் சீட்டின் அடிக்கட்டைகளை வைத்து மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. பையனைக் குறை சொல்ல மாட்டேன். கையேடு சொன்னதைத்தான் அவன் நம்பினான். ரெப்ளிகா வேறு, அழிந்தால் மீட்க எடுத்து வைக்கும் காப்புப்பிரதி (பேக்கப்) வேறு என்பதை எந்த வகுப்பிலும் முதல் நாளே சொல்லியாக வேண்டியிருக்கிறது. நகல் என்ற சொல் இருக்கும்வரை அது மண்டையில் ஏறாது.

'நகல் நல்ல தமிழாயிற்றே' என்று வாதிடுகிறவர்களும் உண்டு. நகல் அரபுச் சொல், அசலும் அப்படித்தான். அதற்காக நான் தள்ளவில்லை. பொருள் பொருந்தாததால் தள்ளுகிறேன். பிரதி வடசொல், அதுவும் நின்றுபோன படியைத்தான் குறிக்கிறது. பள்ளி உயிரியலில் டி.என்.ஏ.வுக்கு வரும் இரட்டிப்பாதல் அங்கே சரி, ஒன்று இரண்டாகிறது. ஐந்து ஊரில் ஐந்து இருந்தால் அது என்ன இரட்டிப்பு?

படி நம்மிடம் இருக்கிற சொல். ஏட்டைப் பார்த்து எழுதுவதைப் படியெடுத்தல் என்றார்கள். அப்படி எடுத்த படிகள் ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியே வளர்ந்து பாடபேதம் ஆயின. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல ஊர் ஏடுகளைத் தேடி ஒப்பிட வேண்டியிருந்தது. ஒப்பிடுவதை நிறுத்தாமல் செய்துகொண்டே இருக்கிற படிதான் ரெப்ளிகா. அதனால் இணைப்படி என்கிறேன். இணை என்றால் சமம், சேர்வது என்றும் பொருள். இரண்டுமே இங்கே வேண்டும்.

இறக்குமதிக்கு வருவோம். நிரல் கோப்புகளின் பதிப்புகளைப் பல ஊர்களில் வைத்துப் பராமரிக்கும் கிளியர்கேஸ் மல்டிசைட் மென்பொருளில், ரெப்ளிகா உருவாக்கும் எம்கேரெப்ளிகா கட்டளையை ஓரிடத்தில் ஓட்டினால் ஒரு பொதி உருவாகும். அதை அடுத்த இடத்துக்கு அனுப்பி, அங்கே அதே கட்டளையின் மறுபாதியை ஓட்டினால் இணைப்படி எழும். நெட்வொர்க் இல்லாவிட்டால் பொதியை டேப்பில் போட்டும் அனுப்பலாம். அந்த மறுபாதிதான் இம்போர்ட். அதை இறக்குமதி என்றால், வெளிநாட்டு மலிவுத் தேயிலை என்று கேட்டாலே வயிறு எரிகிற இந்த மலையில் யாருக்கு என்ன தோன்றும்? உள்வாங்குதல் போதுமே. அதே மென்பொருளில் ஒரு கிளையை, அதாவது ஒரு கோப்பின் தனியாகப் பிரிந்து வளரும் பதிப்பு வரிசையை, திருத்தும் உரிமை ஒரு நேரத்தில் ஒரு இணைப்படிக்குத்தான். அதற்குக் கையேடு வைத்த பெயர் 'எஜமானத்துவம்'. திருத்துரிமை என்று எழுதினால் பேனா ஒடிந்துவிடுமா?

இன்னொரு கொடுமை 'அடிமை'. தரவுத்தள மென்பொருளான மையெஸ்க்யூஎல் 2020இல் 8.0.22 பதிப்பிலிருந்து கட்டளைகளில் 'ஸ்லேவ்' என்ற ஆங்கிலச் சொல்லை ஒதுக்கி ரெப்ளிகா என்று மாற்றத் தொடங்கிவிட்டது. இந்தக் கையேட்டில் மட்டும் 'அடிமைச் சேவையகம்' இன்னும் கைகட்டி நிற்கிறது. மையெஸ்க்யூஎல்லில் வழக்கமாக எழுதுவது ஓரிடம், மற்றவை வாசிக்க மட்டும். ஆகவே வாசிப்பு இணைப்படி எனலாம்.

இணைப்படியிலும் ஒரு சங்கடம் உண்டு. வேகமாகப் படித்தால் 'இணைப்பின்படி' என்பதுபோல் தோன்றும். அது உறுத்தினால் ரெப்ளிகா என்றே தமிழில் எழுதிவிட்டுப் போங்கள், எனக்குச் சம்மதம். தெரியாத சொல்லாக இருந்தால் அந்தப் பையன் 'அப்படின்னா என்ன சார்?' என்று கேட்டிருப்பான்.