எண்ணெய்க் கவர்பொருள்: 'சார்பென்ட்' என்பதற்குத் தமிழ்

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து டீசல் ரோட்டில் ஓடினால் உடனே கொட்டுவது மண்ணும் மரத்தூளும்தான். அந்த மரத்தூள் மாதிரி எண்ணெயைப் பிடித்து வைக்கிற பொருளுக்குத்தான் ஆங்கிலத்தில் சார்பென்ட் என்று பெயர்.

இலத்தீனில் 'சார்பெரே' என்றால் உறிஞ்சிக் குடிப்பது. அதிலிருந்து வந்த 'அப்சார்ப்ஷன்' என்பதில் திரவம் பொருளுக்குள்ளேயே போய்விடும். மேற்பரப்பில் மட்டும் ஒட்டுவதற்கு 1881இல் கைசர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 'அட்சார்ப்ஷன்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். இரண்டும் கலந்தே நடப்பதுண்டு என்பதால் 1909இல் மெக்பெய்ன் என்ற வேதியியலாளர் முன்னொட்டையே வெட்டிவிட்டு 'சார்ப்ஷன்' என்றார்.

தமிழில் பலரும் 'உறிஞ்சி' என்று எழுதுகிறார்கள், தப்பில்லை, ஆனால் அது பாதி வேலையைத்தான் சொல்கிறது. 'உட்கவர்தல்', 'பரப்புக் கவர்தல்' என்று இரண்டு சொல்லும் நம்மிடம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது, முன்னால் இருப்பதை வெட்டினால் மிஞ்சுவது 'கவர்'. அதனால் என் ஓட்டு 'கவர்பொருள்' என்பதற்கு.

சரி, எது நல்ல கவர்பொருள்? தர்மபுரிப் பக்கம் ரோட்டோரமெல்லாம் எருக்கு. காய் வெடித்துப் பறக்கும் பஞ்சைக் கொஞ்சம் எடுத்து, தண்ணீர் ஊற்றிய டம்ளரில் பழைய இன்ஜின் ஆயில் நாலு சொட்டு விட்டு, மேலே போட்டுப் பாருங்கள். பஞ்சு கறுக்கும், ஆனால் முங்காது. ஒவ்வொரு இழையும் உள்ளே வெற்றுக் குழாய், வெளியே மெல்லிய மெழுகுப் பூச்சு, அதனால் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஏறும். இலவம்பஞ்சும் இதே கதைதான், தன் எடையைப் போலப் பல மடங்கு எண்ணெயைப் பிடிக்கும்.

போச்சம்பள்ளிப் பக்கம் நார் மில்களில் குவிகிற தென்னை நார்க்கழிவு விஷயம் வேறு. தண்ணீரை நன்றாகப் பிடித்து வைப்பதால்தான் செடி வளர்க்க அதைக் கேட்டு வாங்குகிறார்கள்; கடலில் அதுவே குறை, எண்ணெய்க்கு முன்னால் தண்ணீரைக் குடித்துவிடும். சூடாக்கியோ ரசாயன முறையிலோ பக்குவப்படுத்தினால்தான் உதவும்.

2020இல் மொரீஷியஸில் வகாஷியோ கப்பல் தரைதட்டி எண்ணெய் கசிந்தபோது மக்கள் கரும்புத் தோகையைத் துணியில் அடைத்துத் தைத்து மிதவைத் தடுப்பு போட்டார்கள், தலைமுடியையும் சேர்த்தார்கள். 2017இல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயோ கெட்டியான கசடாகிவிட்டது, வாளியால்தான் அள்ளினார்கள். அவ்வளவு கெட்டியானது இழைக்குள் லேசில் ஏறாது, பெரும்பாலும் வெளியில்தான் ஒட்டும். அதை 'உறிஞ்சி' என்றால் எப்படிப் பொருந்தும்?

அப்புறம், எண்ணெய் ஏறிய பஞ்சு அபாயக் கழிவு. அதை வயலில் போட்டுக் கொளுத்தக் கூடாது.