வலிக்காத கட்டியும் தள்ளிப்போகும் பயாப்சியும்

நெறி கட்டும் இடங்களான நிணநீர்க் கணுக்களில் பெரும்பாலும் தொடங்கும் நிணநீர்ப் புற்றுநோயின் (லிம்போமா) உலகக் கணக்கைப் பார்ப்பவருக்கு முதலில் குழப்பம்தான் வரும். வட அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, வட ஐரோப்பா என்று வசதியான நாடுகளில்தான் இந்த நோய் அதிகம். நம்முடைய தெற்காசியாவில் குறைவு. ஆனால் இறப்புக் கணக்கை எடுத்தால் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. அங்கே நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். நம் பக்கத்தில் வருவது குறைவு என்றாலும், வந்தவர்களில் இறப்பவர்களின் பங்கு கூட.

2022ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை தந்த மதிப்பீட்டின்படி, இந்த நோயின் இரண்டு பெரும் வகைகளில் ஹொட்ஜ்கின் அல்லாத வகை சுமார் 5.5 இலட்சம் பேருக்கு வந்தது, 2.5 இலட்சம் பேர் இறந்தார்கள். ஹொட்ஜ்கின் வகை வந்தவர்கள் 82,000 பேரளவில், இறந்தவர்கள் 23,000க்குச் சற்றுக் குறைவு. முதல் வகை பெரும்பாலும் வயதானவர்களைப் பிடிக்கும். இரண்டாவது இருபதுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வரும். அமெரிக்காவில் ஹொட்ஜ்கின் வந்த 10 பேரில் கிட்டத்தட்ட 9 பேர் 5 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். குணமாக்கக்கூடிய நோய் என்று தயங்காமல் சொல்லலாம்.

காரணமும் ஊருக்கு ஊர் மாறும். ஆபிரிக்காவின் மலேரியா பகுதிகளில் பிள்ளைகளின் தாடையில் வரும் கட்டியை 1958இல் டெனிஸ் பர்கிட் விவரித்தார்; 1964இல் அதற்குள் எப்ஸ்டீன்–பார் வைரஸைக் கண்டார்கள். தென்மேற்கு ஜப்பானில் இன்னொரு வைரஸ். வயிற்றில் வரும் ஒரு வகைக்குப் பெரும்பாலும் ஒரு கிருமிதான் காரணம். அந்தக் கிருமியைக் கொன்றாலே கட்டி கரைவதும் உண்டு.

“தேயிலைக்கு மருந்தடிக்கிறதால வருமா டொக்டர்?” இதைத் தோட்டத்து ஆட்கள் அடிக்கடி கேட்பார்கள். கிளைபொசேட் என்ற களைக்கொல்லியை அதே முகமை 2015இல் ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் சேர்த்தது. மனிதரில் ஆதாரம் மட்டானதுதான் என்றும் சொன்னது. அதே ஆண்டு இலங்கை தடை போட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியது. ஒருவரைக் காட்டி, இவருக்கு இதனால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் மருந்தடிக்க அனுப்புவது தவறு என்று சொல்ல எந்த ஆய்வும் தேவையில்லை.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். மலையகத்தில் நெறி கட்டாத ஆள் உண்டா? அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணானால் தொடையிடுக்கில் கட்டும். தலையில் பேன் புண் வந்த பிள்ளைக்குப் பின்கழுத்தில் கட்டும். சொத்தைப் பல்லுக்குத் தாடைக்குக் கீழே. இவை வலிக்கும், புண் ஆறினால் தானே வற்றும். நான் பயப்படுவது வலிக்காத கட்டிக்கு: றப்பர் போல இருக்கும், 4 முதல் 6 வாரம் போயும் வற்றாது, வளரும். காறை எலும்புக்கு மேலே என்றால் அவ்வளவு நாள்கூடப் பார்க்க வேண்டாம். கூடவே இரவில் உடுப்பு நனைய வியர்வை, காரணமில்லாத காய்ச்சல், 6 மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு இறங்குவது.

வலித்தால் உடனே டிஸ்பென்சரிக்கு வருவார்கள். வலிக்காததற்காக யார் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை இழப்பார்கள்? அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சுண்ணாம்பு பூசிக்கொண்டே சில மாதங்கள் ஓடிவிடும். அப்புறம் வந்தால், இதே அறிகுறிகள் காசநோய்க்கும் உண்டு என்பதால் சில நேரம் எங்கள் தரப்பிலேயே திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சி செய்யாமல் 6 மாத மருந்தைத் தொடங்கிவிடுகிறோம். அதைவிட மோசமானது, யாரோ கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்ட் வில்லை. கட்டி கடகடவென்று சுருங்கும், வீட்டில் சந்தோஷம். ஆனால் அந்த வில்லை நிணநீர்ப் புற்றுநோயையும் தற்காலிகமாகச் சுருக்கும். பிறகு பயாப்சி எடுத்தாலும் சரியான முடிவு வராமல் போகலாம். ஊசியால் உறிஞ்சி எடுப்பது முதல் பார்வைக்குச் சரி. ஆனால் எந்த வகை என்று உறுதியாகச் சொல்வதற்கு, முடிந்தால் ஒரு நிணநீர்க் கணுவை முழுதாக எடுக்க வேண்டும். சின்ன ஒப்பரேஷன்தான். “கத்தி வச்சா பரவும்” என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்துப் போடாமல் திரும்பிய குடும்பங்கள் உண்டு. கணுவை வெட்டி எடுப்பதால் இது பரவாது.

சிகிச்சைக்கு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி மட்டும்தான் என்றில்லை. கண்டியிலும் பதுளையிலும் அரசாங்கப் புற்றுநோய்ப் பிரிவுகள் உண்டு, கட்டணம் இல்லை. ஹொட்ஜ்கின் அல்லாத வகைகளில் அதிகம் காண்பதற்குப் பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு தடவை, ஆறு தடவை வரை மருந்து ஏற்றுவோம். ரிட்டுக்சிமாப் என்ற மருந்து வந்த பிறகு பலன் இன்னும் கூடியிருக்கிறது. பலருக்கு இரண்டாவது தடவையிலேயே கட்டி மறைந்துவிடும், ஆளும் தெம்பாகிவிடுவார். அத்தோடு நிறுத்திவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி நிறுத்தினால் மிச்சமிருக்கும் நோய் திரும்பி வரும், திரும்பி வந்ததை அடக்குவது கஷ்டம். பஸ் காசுக்கும் தங்குவதற்கும் வழியில்லை என்றால் முதல் நாளே கிளினிக்கில் சொல்லுங்கள், திகதிகளை முடிந்தவரை மாற்றித் தரலாம். இரண்டு ஊசிக்கு நடுவில் 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால், பனடோல் குடித்துவிட்டு விடியட்டும் என்று இருக்க வேண்டாம். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு அன்றிரவே கிட்டிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், எந்த மருந்து எப்போது ஏற்றியது என்று காட்டுங்கள்.