போட்டோதெரபி: ஒளிச்சிகிச்சையா, ஒளியூக்கச் சிகிச்சையா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் முகப்பருவுக்கு 'லைட் ட்ரீட்மெண்ட்' எடுத்தேன் என்றால் புரிந்துவிடும். மருத்துவர் சொல்லும் பெயர் போட்டோதெரபி. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் கண்டால் 'லைட்டுல வச்சிருக்காங்க' என்பார்களே, அதற்கும் பெயர் இதுதான்.

போட்டோ என்றதும் நமக்குப் படம்தான் நினைவுக்கு வரும். கிரேக்க மூலத்தில் அது ஒளி. தெரபியின் மூலச்சொல் பணிவிடையைக் குறித்தது. பிறகு நோயாளியைக் கவனிப்பதையும் குறித்தது. ஆக, ஒளிச்சிகிச்சை பொருத்தமான சொல். சிகிச்சை வடசொல் ஆயிற்றே என்பவர்கள் ஒளிமருத்துவம் என்று எழுதலாம். ஒளிப்பண்டுவமும் நல்ல தமிழ்தான். ஆனால் மாட்டுக்குப் பண்டுவம் பார்த்தே பழகிய ஊரில் பரு வந்த கல்லூரிப் பெண் அதை ரசிக்கமாட்டாள்.

பரு என்பதற்கு மாற்றே வேண்டாம். பருத்தல், பருமன் எல்லாம் அதன் உறவுகள். மருத்துவச் சீட்டில் வரும் 'ஆக்னே', உச்சி எனப் பொருள்படும் 'அக்மே' ஏடெழுதியவர் கையில் திரிந்த வடிவம் என்பார்கள். நம் அக்னிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்த மருத்துவத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்திய நீல்ஸ் ஃபின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். பருவில் ஒளிக்கு வேலை வேறு. அங்கே வாழும் பாக்டீரியா பார்ஃபிரின் என்ற பொருளைத் தானே உண்டாக்குகிறது. சுமார் 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டால் பார்ஃபிரின் அதை உறிஞ்சி, பக்கத்திலுள்ள ஆக்சிஜனை முடுக்கிவிடும். அது பாக்டீரியாவையே கொல்லும். சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகப் போகும். குழந்தைக்கு வைப்பதும் நீல விளக்குதான் என்றாலும், அங்கே நடப்பது மஞ்சளுக்குக் காரணமான பிலிரூபின் என்ற பொருளை உடல் வெளியேற்றக்கூடிய வடிவுக்கு மாற்றும் வேலை.

பரு மிதமான நிலையைத் தாண்டி, களிம்புக்கும் மாத்திரைக்கும் அடங்காதபோது சில மருத்துவர்கள் இன்னொன்றைச் சொல்வார்கள்: போட்டோடைனமிக் தெரபி. முதலில் அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்தைப் பூசி ஊறவிடுவார்கள். எண்ணெய்ச் சுரப்பிகள் அதைப் பார்ஃபிரினாக மாற்றிக்கொள்ளும். அப்புறம்தான் விளக்கு. டைனமிக் என்பதை இயக்கம் என்று கொண்டு 'ஒளியியக்கச் சிகிச்சை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது நிறைவாக இல்லை. எது இயங்குகிறது என்று அதில் தெரியவில்லை. மூலச்சொல் 'டுனாமிஸ்' ஆற்றலைக் குறிப்பது. ஒளி இங்கே மருந்தை ஊக்குகிறது. வினையூக்கி என்று பள்ளியிலேயே படித்தவர்கள்தானே நாம்? ஒளியூக்கச் சிகிச்சை என்றால் விளக்காமலே விளங்கும்.

இந்தப் பிரிவினை ஏட்டோடு நிற்பதல்ல. வெறும் விளக்கு என்றால் பெரும்பாலும் அன்றே வேலைக்குப் போகலாம். ஒளியூக்கம் என்றால் எரிச்சல், சிவப்பு, தோல் உரிதல் எல்லாம் வரும். இரண்டு நாளாவது வெயில் படக்கூடாது. மேட்டூர் திறந்து குறுவை நடவில் நிற்பவர், தேதி குறிக்குமுன் 'மருந்து தடவி லைட்டா, வெறும் லைட்டா?' என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.